புழு மந்திரி குடுத்த முத்திரைக் கலயம்

ஒரே ஒரு ஊர்ல, கூழாங்குளம்னு அதுக்குப் பேரு, அங்க குப்பாயி குப்பாயின்னு ஒருத்தி இருந்தா. பேரைக் கேட்டு இப்பவே சிரிக்காதீங்க, சிரிக்கிறதுக்கு முன்னால நிறைய இருக்கு. அவளுக்கு முந்திப் பொறந்த பிள்ளைங்க தங்கலைன்னு, அவ ஆத்தா இவளைக் குப்பையில ஒரு தரம் உருட்டி எடுத்து அந்தப் பேரை வச்சா. எமன் வந்து பேரைக் கேட்டான், மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பிப் போயிட்டான். இவ நல்லா திடமா வளந்துட்டா.

அவ புருசன் பேரு மண்ணாங்கட்டி. ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்லுவான். ஆனா பொய் மட்டும் சொல்லத் தெரியாது. அதுக்கும் கொஞ்சம் மூளை வேணும்ல? அப்புறம் அவங்க வீட்ல ஒரு சாம்பக் கோழி இருந்துச்சு. அது பேசும். அந்தக் காலத்துல கோழியெல்லாம் பேசும்டா. இப்பவும் பேசத்தான் செய்யும், நாமதான் குழம்பு வச்சு அது வாயை அடைச்சிடுறோம்.

அந்த ஊரு ராசா மணிமுடி ராசா. ஒருநாள் பல்லக்குல போய்க்கிட்டிருந்தவருக்கு குடிமக்கள் மேல திடீர்னு பாசம் பொங்கிருச்சு. "நிறுத்துடா பல்லக்கை, என் மக்களோட நான் நடந்து வர்றேன்"னு இறங்கிட்டாரு. பாசம் ரெண்டு வீடு தாண்டல, யாரோ வீசியிருந்த வாழைப்பழத் தோல் மேல கால வச்சாரு. கிரீடம் ஒரு பக்கம், ராசா ஒரு பக்கம். அடுத்த நாளே தண்டோரா போட்டாங்க. "இனிமே ஒருத்தரும் தெருவுல குப்பை கொட்டக் கூடாது! வீட்டுக்கு வீடு தொட்டி வைக்கணும்! தொட்டியில மண்புழு விடணும்! காய்த்தோல், பழத்தோல், உதுந்த இலை எல்லாத்தையும் அதுல போடணும், புழு தின்னு எருவாக்கட்டும்! வர்ற பௌர்ணமிக்கு ராசாவே வந்து பாப்பாரு! உசிரோட புழு இல்லாத வீட்ல அடுப்புல தண்ணி ஊத்தப்படும்!"

அதாவது, சமைக்கலைன்னா குப்பையே வராதுல்ல. ராசா மூளைன்னா சும்மாவா?

தொட்டி யோசனை என்னவோ நல்ல யோசனைதான். நல்லது பண்ணிட்டு அப்படியே விட்டா அவரு ராசாவா? அதைப் பாத்துக்க ஒரு ஆளைப் போட்டாரு. யாரை? ராணியோட தம்பி உத்தண்டனை. அவன் முதல்ல யானை மந்திரியா இருந்தான், யானை இளைச்சுப் போச்சு. அப்புறம் ஏரி மந்திரியா இருந்தான், ஏரி வத்திப் போச்சு. சரி, சின்னதா ஏதாவது குடுத்துப் பாப்போம்னு புழு மந்திரி ஆக்கிட்டாங்க. உத்தண்டன் பதவிக்கு வந்ததும் செஞ்ச முதல் வேலை, இன்னொரு தண்டோரா. "நாட்டுல இருக்கிற மண்புழு எல்லாம் ராசா சொத்து! முத்திரை போட்ட கலயத்துல வாங்குறதுதான் புழு! மத்தது எல்லாம் திருட்டுப் புழு!"

குப்பாயி என்ன பண்ணினா, மாட்டுக்குத் தண்ணி வைக்கிற பழைய கழனித் தொட்டி விரிசல் விட்டுக் கிடந்துச்சு, அதை இழுத்துக் கொல்லையில நிழலாப் பாத்து வச்சா. அடியில தேங்காநார் பரப்பி, மேல காஞ்ச இலை போட்டு, தண்ணி தெளிச்சா. எல்லாம் ஆச்சு, குடியிருக்க ஆள்தான் இல்ல. அதனால கொடியில காச்சு நின்ன பெரிய பூசணிக்காயைத் தலையில தூக்கிக்கிட்டு உத்தண்டன் அரண்மனைக்குப் போனா.

"மந்திரி அய்யா, மந்திரி அய்யா, தொட்டிக்குக் கொஞ்சம் புழு குடுங்க."

"வெறுங்கையோடயா வந்தே?"

"பூசணிக்கா கொண்டாந்திருக்கேன் அய்யா."

"அப்படி முன்னாடியே சொல்லு. இந்தா, அரண்மனைப் புழு. மரியாதையா நடத்து"ன்னு வாய்ல துணி கட்டி அரக்கு வச்ச கலயம் ஒண்ணைக் குடுத்தான்.

வந்து தொறந்து பாத்தா, உள்ள காஞ்ச நூல் மாதிரி என்னமோ கிடக்கு. ராசா புழுவாச்சே, கௌரவமா இருக்கட்டும்னு உத்தண்டன் அதைப் பித்தளை அண்டாவுல போட்டு மூடி மொட்டை மாடி வெயில்ல வச்சிருக்கான். புழு என்ன, வடகமா? எல்லாம் வறண்டு செத்துப் போச்சு.

குப்பாயி மனசு ஆறாம, ஒரு கலயம் நெய்யைத் தூக்கிக்கிட்டு மறுபடி போனா.

"மந்திரி அய்யா, மந்திரி அய்யா, நீங்க குடுத்த புழு செத்துக் கிடந்துச்சு."

"புழு மேல குத்தம் இல்ல, உன் வீட்டு மேல குத்தம். ஏழை வீட்டைப் பாத்ததும் அதுக்கு மனசு ஒடிஞ்சு போயிருக்கும். கையில என்னது?"

"நெய் அய்யா."

"இந்தா, இது உசிருள்ள புழு. ஓடும், ஏறும், எல்லாம் செய்யும்."

அது பொய் இல்ல. நல்லாவே ஏறுச்சு. கலயத்தைத் தொறந்ததும் ஒரு படை கம்பளிப்பூச்சி வெளிய வந்து, தொட்டியைத் திரும்பிக்கூடப் பாக்காம நேரா முருங்கை மரத்துல ஏறிருச்சு. மரம் மொட்டை. மண்ணாங்கட்டி அடியில படுத்திருந்தான், அவனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. சொறிஞ்சுக்கிட்டே சொன்னான், "மந்திரி நம்ம மேல பிரியமாத்தான் இருக்காரு. இவ்வளவு பெருசா, முடியெல்லாம் வச்சுக் குடுத்திருக்காரு பாரு."

பௌர்ணமி கிட்ட வந்துருச்சு. அடுப்பு அணைஞ்சா எங்க போய்க் கஞ்சி காச்சுறது? பக்கத்து வீட்ல கேக்கலாம்னா அங்கயும் அதே கம்பளிப்பூச்சி கதைதான். கடைசியா இருந்த கருப்பட்டியை ஓலைக் கொட்டானோட எடுத்துக்கிட்டு மூணாந்தரமும் போனா.

"மந்திரி அய்யா, மந்திரி அய்யா, நீங்க குடுத்த புழு மரத்துல ஏறிருச்சு."

"புழு மேல குத்தம் இல்ல, உன் மரத்து மேல குத்தம். யாரு பச்சையா வளக்கச் சொன்னது? கையில என்னது?"

"கருப்பட்டி அய்யா."

"இந்தா, ரொம்ப சாதுவான புழு. அசையவே அசையாது. இதுவும் சரிப்படலைன்னா, உன் வீட்ல ஒரு சாம்பக் கோழி இருக்காமே, அடுத்த தரம் அதைப் பிடிச்சுட்டு வா."

குப்பாயி கலயத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து, மந்திரி கோழியைக் கேட்டதைப் புருசன்கிட்ட சொல்லிக்கிட்டே துணியை அவுத்தா. உள்ள செம்பழுப்பா, மெல்லிசா, பிரி பிரியாச் சுருண்டு கிடந்துச்சு. உண்மையாவே அசையல. கோழி கிட்ட வந்து எட்டிப் பாத்துச்சு, ஒரு கொத்துக் கொத்துச்சு, தலையைச் சாய்ச்சு யோசிச்சுச்சு.

"குப்பாயி, இது புழு இல்ல. கேப்பை மாவுல பிழிஞ்ச சேவை. உப்புப் பத்தல."

"என்னது!"

"உன் மந்திரிக்குப் புழு தீந்து போச்சு, சமையக்காரனைக் கூப்பிட்டுப் பிழியச் சொல்லியிருக்கான். அது கிடக்கட்டும். அடுத்த தரம் என்னைக் குடுக்கச் சொன்னானாமே?"

குப்பாயி தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

"அடி அறிவாளி! என்னைக் குடுத்து என் தீனியை வாங்கிட்டு வரப் போறியா? விடிஞ்சதுல இருந்து அடையற வரைக்கும் இந்தக் கொல்லையில நான் என்ன பண்றேன், கோலமா போடுறேன்? புழு எங்க இருக்குன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"திருட்டுப் புழுன்னு சொல்லிட்டாங்களே"ன்னா குப்பாயி, கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு.

"நான் தின்னதெல்லாம் திருட்டுப் புழுதான். எனக்கு ஒண்ணும் ஆகல. வா இங்க."

கோழி முன்னால நடந்துச்சு, குப்பாயி பின்னால நடந்தா. சோறு வடிச்ச தண்ணி ஊத்துற வாழையடிக்குப் போச்சு. ஓரத்துல மக்கிப் போன சாணியும் சருகும் குமிஞ்சு கிடந்துச்சு. கோழி ஒரு கிளறு கிளறுச்சு. நெளியுதுடா உள்ள! சின்னச் சின்னதா, செவப்பா, ஒண்ணு மேல ஒண்ணு புரண்டுக்கிட்டு.

"ஆழமாத் தோண்டாதே. ஆழத்துல இருக்கிறது வேற, அது தொட்டிக்குள்ள நிக்காது. மேலாப்ல சாணிக்குள்ள இருக்கிற இந்தச் செவப்புப் புழுதான் உனக்கு வேணும். புளிச்சது, உறைப்பு, உப்பு எதையும் போட்டுறாதே. எனக்கு மாத்திரம் தினம் கொஞ்சம் எடுத்து வச்சிரு"ன்னுச்சு.

குப்பாயி சாணியோட ரெண்டு கையாலயும் அள்ளினா. எங்க சிந்திருமோன்னு குழந்தையைத் தூக்குற மாதிரி கொண்டு போய்த் தொட்டியில விட்டா. அதுங்க இலைக்குள்ள பூந்து மறையிறதைப் பாத்துக்கிட்டே நின்னா. அன்னைக்குத்தான் அவளுக்குச் சோறு இறங்குச்சு. மறுநாள் தெருவுல இருந்த பொம்பளைங்களையெல்லாம் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு கை அள்ளிக் குடுத்தா. யாருகிட்டயும் பூசணிக்கா கேக்கல. அந்த அளவுக்கு அவளுக்கு மந்திரி உத்தியோகம் பழக்கமில்ல.

பௌர்ணமி வந்துச்சு. ராசா வந்தாரு, கூடவே உத்தண்டன் வந்தான், பின்னால ஒரு சேவகன் தண்ணிக் குடத்தோட வந்தான். மத்த தெருவுல எல்லாம் தொட்டியைத் தொறந்தா நாத்தம். "புழு தூங்குது மகாராசா"ன்னு ஒரு வீட்ல சொன்னாங்க. "விருந்துக்குப் போயிருக்கு"ன்னு இன்னொரு வீட்ல சொன்னாங்க. உத்தண்டனுக்குப் பயந்து யாரும் உண்மையைச் சொல்லல, சேவகன் அந்த அடுப்புலயெல்லாம் தண்ணி ஊத்திட்டு வந்தான். குப்பாயி வீட்டுக்கு வந்து தொறந்தா, மண் வாசம் வருது, செவப்பா நெளியுது. ராசா குனிஞ்சு பாத்து, "ஆஹா!"ன்னாரு.

உத்தண்டன் பாத்தான். தான் குடுக்காத ஒண்ணு உசிரோட இருக்கேன்னு அவனுக்குப் பொறுக்கல. "மகாராசா, இது திருட்டுப் புழு! முத்திரை எங்க? டேய், ஊத்துடா அடுப்புல தண்ணியை!"

சேவகன் குடத்தோட அடுப்படிக்கு நடந்தான். குப்பாயி அவனுக்கு முந்தி ஓடிப் போய் அடுப்படி வாசப்படியில குறுக்க உக்காந்துட்டா. "மகாராசா, முத்திரை போட்ட புழுவும் எங்ககிட்ட இருக்கு. அதையும் ஒரு கண்ணு பாத்துட்டு ஊத்துங்க"ன்னு சொல்லி, மாடத்துல வச்சிருந்த மூணாவது கலயத்தைக் கொண்டாரச் சொன்னா. மண்ணாங்கட்டி எடுத்துக்கிட்டு வந்தான்.

"மந்திரி அய்யா, இது நீங்க குடுத்ததுதானே?"ன்னா.

அரக்குல முத்திரை பளிச்சுன்னு இருக்கு. இல்லைன்னு எப்படிச் சொல்லுவான்? "ஆமா, அசல் அரண்மனைப் புழு"ன்னான்.

ராசா எட்டிப் பாத்தாரு. "ஏன் மச்சான், அசையவே மாட்டேங்குதே?"

"நல்ல குலத்துப் புழு மாமா. ராசா முன்னால அசையாது. அவ்வளவு அடக்கம்."

ராசா சந்தோசப்பட்டுத் தலையை ஆட்டினாரு. அந்த நேரம் பாத்து மண்ணாங்கட்டி கலயத்துக்குள்ள கையை விட்டு, ஒரு பிடி எடுத்து வாயில போட்டான். மொறுக் மொறுக்குன்னு மென்னான். கூட்டம் அலறுச்சு. வேடிக்கை பாக்கக் கூட வந்திருந்த ராணியோட தோழி ஒருத்தி மயக்கமே போட்டுட்டா. அவன் பாட்டுக்கு இன்னொரு பிடி எடுத்தான்.

"என்னடா திங்கிறே!"ன்னு கத்தினாரு ராசா.

"கேப்பை சேவை மகாராசா. கொஞ்சம் காஞ்சு போச்சு, தேங்காப்பால் ஊத்தினா நல்லாருக்கும். வந்த நாள்லேருந்து கேக்குறேன், இவ தின்ன விட மாட்டேங்குறா."

ராசா ஒரு பிரி எடுத்து நாக்குல வச்சாரு. மென்னாரு. முகம் மாறிப் போச்சு. உத்தண்டனைத் திரும்பிப் பாத்தாரு. அவன் வாயைத் தொறக்குறதுக்குள்ள பக்கத்து வீட்டுக்காரி கம்பளிப்பூச்சியைச் சொன்னா, எதிர்வீட்டுக்காரி செத்த புழுவைச் சொன்னா, ஒவ்வொருத்தியாக் குடுத்த நெய்யையும் காயையும் சொல்ல ஆரம்பிச்சு, அது பெரிய சத்தமாயிருச்சு.

ராசா சேவகனை வெளிய வரச் சொன்னாரு. அப்புறம் ரொம்ப நேரம் யோசிச்சாரு. ராணி கோவிச்சுக்குவாளே, அதையும் பாக்கணும்ல? "மச்சானோட பதவியைப் பறிக்க மாட்டேன். புழு மந்திரின்னா புழு மந்திரிதான். ஆனா இனிமே புழு வேலையை அவனே செய்யட்டும்"னாரு. அவன் பக்கம் திரும்பி, "உன்கிட்ட ஏமாந்த வீடு அத்தனைக்கும் நீயே போ. நாறிக் கிடக்கிற தொட்டியைக் கையாலயே வழிச்சுச் சுத்தம் பண்ணு. யானைக் கொட்டடிச் சாணியைக் கிளறிப் புழு பொறுக்கி, உள்ளங்கையில வச்சுக் கொண்டு போய் விடு. வாங்கின சாமானையெல்லாம் திருப்பிக் குடு."

உத்தண்டனுக்குப் புழுன்னாலே குமட்டும். இருந்தாலும் மந்திரியாச்சே, விட முடியுமா? கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, மூக்கைத் தோள்ல தேச்சுக்கிட்டு, உள்ளங்கையில நெளிய நெளிய வீடு வீடாப் போனான். எந்த வீட்டு வாசல்ல நின்னாலும் பொம்பளைங்க கேப்பாங்க, "மந்திரி அய்யா, இது அசையுமா?" அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொல்லுவான், "அசையும்மா, நல்லாவே அசையும்."

அம்புட்டுதான். நாட்டுல சும்மா கிடக்கிறதுக்கு ஒருத்தன் முத்திரை குத்தி நீட்டினான்னா, வாங்குறதுக்கு முன்னால நம்ம கொல்லையை ஒரு தரம் கிளறிப் பாத்துக்கிடணும்.

அவங்க தொட்டியில எரு விளைஞ்சுச்சு, எருவுல கத்திரி விளைஞ்சுச்சு, என் வாயில இருந்த கதை உங்க காதுக்குள்ள போயிருச்சு. போர்வையை இழுத்துப் போத்துங்க.