அபிஷாவின் குதிகால்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் செல்லக்கனிக்கு எப்போதும் உண்டு. ஆறாம் வகுப்போடு நின்றவள். "கூடக்குறையச் சொன்னா கோவிச்சுக்கிடாதீங்க" என்றுதான் அன்றும் மைதானத்து ஓரத்தில் ஆரம்பித்தாள்.

மகள் அபிஷாவுக்குக் குதிகால் வலி. சற்று நேரத்தில் நானூறு மீட்டர் ஓட்டம். ஜெயித்தால் விளையாட்டு விடுதியில் இடம். அவள் நொண்டுவதை மற்ற அம்மாக்கள் பார்த்துவிட்டார்கள்.

"எம் மவளுக்கு வலி வந்தாத்தான் வேகமே வரும். போன வருசம் குதிகால் வீங்கி ஐஸ்கட்டி வச்சேன். வச்ச ஐஸ் தளதளன்னு கொதிச்சிட்டு. அதுலயே டீ போட்டுக் குடிச்சோம்."

"சீனி போட்டியளா மைனி?" என்றாள் தங்கபுஷ்பம். அவள் மகளும் அதே ஓட்டத்தில் இருந்தாள்.

"நாட்டுச்சக்கரை. அத விடுங்க, எக்ஸ்ரே எடுக்கப் போனோம். கால் துடிச்ச துடியில படத்துல பன்னெண்டு கால் விழுந்திருக்கு. டாக்டர் பூரானான்னு கேட்டுட்டார்."

"பூரானுக்கு அவ்வளவு கம்மியாவா இருக்கும்?"

சுற்றிலும் சிரிப்பு. செல்லக்கனிக்கு வியர்த்தது, வாய்தான் நிற்கவில்லை.

"அந்தக் காலோடதான் ஓடினா. கட்டைவிரல் வீங்கி நீண்டு, இவ வளைவுல திரும்பும்போதே விரல் எல்லைக்கோட்டைத் தாண்டிட்டு!"

"விரல் தாண்டினா கணக்கில்ல மைனி. நெஞ்சு தாண்டணும்."

தப்பாகத்தான் சொல்லிவிட்டாள்.

"நடுவரும் அதையேதான் சொன்னாரு! உடனே அந்த விரலை அங்கன கிடந்த கம்பியில கொக்கி மாதிரி மாட்டி ஒரு இழு இழுத்தா பாருங்க. கிணத்து வாளி மாதிரி மிச்ச உடம்பு வந்து சேர்ந்திட்டு. முதல் பரிசு!"

தங்கபுஷ்பம் கொட்டாவி விட்டாள். "அப்போ இன்னைக்கும் ஓடட்டும். பார்ப்போம்."

மைக்கில் பெண்கள் நானூறு மீட்டருக்குக் கூப்பிட்டார்கள். எழுந்த அபிஷா, குதிகாலை ஊன்றியதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "யம்மா, நான் ஓடிருவேன்."

செல்லக்கனி மகளின் பனியனில் குத்தியிருந்த எண் துணியை ஊக்கு ஊக்காகக் கழற்றித் தன் சேலை முந்தானையில் குத்திக்கொண்டாள். எண் இல்லாதவளை ஓட விடமாட்டார்கள். கோச் ஓடிவந்து கேட்டும் அவள் கொடுக்கவில்லை. ஓட்டம் முடிந்து, பரிசும் கொடுத்து, மைக்கையும் கழற்றி எடுத்துப்போகும் வரை நெஞ்சின் மேல் கையை வைத்து அந்தத் துணியை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.