அடுத்த எண்

“இனி வர மாட்டேன் டீச்சர்” என்றான் சங்கரபாண்டி.

பிலோமினா தலை நிமிரவில்லை. பாளையங்கோட்டையில் டேட்டாபேஸ் சொல்லித் தருகிறவள். வயது முப்பது. அவனுக்கு நாற்பத்தேழு. மில் மூடியதால் படிக்க வந்தவன்.

“வராம?”

“மச்சான் கடையில பரோட்டாவுக்கு மாவு பிசையப் போறேன்.”

“போங்க அண்ணாச்சி. என்ன ஆச்சுன்னு சொல்லிட்டுப் போங்க.”

பார்வையற்ற மாணவர்களுக்குப் பரீட்சை எழுதிக் கொடுக்கிறவர்களின் பெயர்ப் பட்டியல் அது; கணினிப் பேச்சில் டேபிள். பழைய கணினியில் ஆளுக்கொரு எண்ணோடு ஏழு பேர் இருந்தார்கள். புதியதற்கு மாற்றிவிட்டான். எட்டாவதாக மும்தாஜ் என்று ஒரு பெண். அவளைத்தான் சேர்க்க முடியவில்லை.

“காலையில ரெண்டு தடவை போட்டேன். ரெண்டு தடவையும் எரர். இது நம்ம மண்டைக்கு ஏறாது.”

“என் முன்னால போடுங்க.”

போட்டான். சிவப்பில் ஒரு வரி வந்தது.

“பாத்தீங்களா? அதே எரர்.”

“வாசிங்க.”

“இந்த எண் ஏற்கெனவே உள்ளது.”

“எந்த எண்?”

அதுவரை அவன் வரியின் கடைசிவரை போனதில்லை. போனான்.

“மூணு.”

“இன்னொரு தடவை.”

சிவப்பு.

“நாலு” என்றான். குரல் மாறியிருந்தது.

“அந்த ஏழு பேருக்கும் நம்பர் யார் போட்டது?”

“நான்தான். பழசுல இருந்தபடி கையால போட்டேன்.”

“புது ஆளுக்கு?”

“டேபிளே வரிசையா கொடுக்கும்னு நீங்கதான சொன்னீங்க?”

“கொடுக்குது. நீங்க கையால ஏழு போட்டது அதுக்கு யார் சொன்னா?”

சங்கரபாண்டி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.

யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு ஒன்றிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தது. கொடுத்த இடத்திலெல்லாம் ஏற்கெனவே ஆள்.

“அப்ப ஒண்ணும் ரெண்டும் எங்க?”

“காலையில நீங்க தோத்தீங்கல்லா. அதுல போச்சு.”

“சேரவே இல்லையே டீச்சர். எரர் வந்தா நம்பர் திரும்பிப் போயிராதா?”

“போகாது. கொடுத்ததைத் திரும்ப வாங்குற பழக்கம் அதுக்குக் கிடையாது.”

சங்கரபாண்டி நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான்.

அழுத்தினான். ஐந்து. சிவப்பு.

அழுத்தினான். ஆறு. சிவப்பு.

சிரித்துவிட்டான். எரர் வந்ததற்குச் சிரிக்கிற ஆளை பிலோமினா அன்றுதான் பார்த்தாள்.

“ஏழு!” என்று கத்தினான்.

“மெதுவா அண்ணாச்சி. கீழ டாக்டர் நோயாளிய பாத்துட்டு இருக்காரு.”

அடுத்த தடவை சிவப்பு இல்லை.

எட்டு. மும்தாஜ்.

திரையில் அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு முகம் சுருங்கியது.

“ஏழு பேரு, சரி. ஏழாயிரம் பேர் இருந்தா? விடிய விடிய அழுத்தவா?”

“எதுக்கு? ஒரு கட்டளை வரி இருக்கு. எழுதினா எண்ணிக்கை நேரா கடைசி நம்பர்ல போய் நிக்கும்.”

“அடிப்பாவி! அதை முதல்லயே சொன்னா என்ன?”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பிலோமினா கணினியை அணைத்தாள்.

“அது நாளைக்குப் பாடம்.”

“எத்தனை மணிக்கு டீச்சர்?”