விளக்கு அணையும்வரை நிறுத்தாதே

முள்ளுக்குளத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில் ஒரு ஒர்க்ஷாப் இருந்தது. இருந்தது என்ன, இப்பவும் இருக்கிறது. அதைத் தாண்டி வண்டியை நிறுத்தாமல் போய்விட்டீர்களென்றால் உங்கள் வண்டிக்கு ஆயுசு கெட்டி.

அங்கே மூன்று பேர். பெரிய மெக்கானிக் சுடலைக்கண்ணு அண்ணாச்சி, அவருக்கு அடுத்து சவரிமுத்து, அவனுக்கும் அடுத்து நம்ம கொம்பையா. கொம்பையாவுக்கு வயசு முப்பத்தெட்டு. பதினோரு இடத்தில் பெண் பார்த்து, பதினோரு இடத்திலும் காப்பியோடு அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டாவதாக, கரிசப்பட்டி இசக்கி மட்டும்தான் "இவரே இருக்கட்டும்" என்று சொன்னவள். அந்த ஒரு சொல்லை நினைத்து நினைத்து அவன் ஒரு மாசமாக ஸ்பானரைக் கீழே போட்டுக்கொண்டிருந்தான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில், மாப்பிள்ளை போகவேண்டிய வேனின் டாஷ்போர்டில், கோளாறு என்று காட்டும் இன்ஜின் விளக்கு எரிந்தது. கொம்பையா அண்ணாச்சியிடம் ஓடினான். அண்ணாச்சி அசரவில்லை. போன வாரம்தான் கோளாறு கண்டுபிடிக்கிற மெஷின் ஒன்று வாங்கியிருந்தார். உள்ளங்கை அகலம். ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினால் வண்டியின் நோயை நம்பர் போட்டுச் சொல்லிவிடும். எந்த நம்பருக்கு என்ன நோய் என்று பார்க்க ஒரு புத்தகமும் உண்டு.

மெஷின் பி-0118 என்றது. தண்ணீர்ச் சூடு பார்க்கிற சென்சார் என்றது புத்தகம். "அந்தப் பாகத்தைப் பரிசோதிக்கவும். பழுதென்றால் மாற்றவும்" என்றும் போட்டிருந்தது.

சென்சாருக்குப் போகிற ஒயர் லேசாகக் கழன்றிருந்தது, அவ்வளவுதான். ஒரு அமுக்கு அமுக்கியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் பரிசோதிக்கவும் என்று எழுதியிருக்கிறதே. மூவரும் சென்சாரைக் கழற்றித் தார்ப்பாயில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, மோந்தும் பார்த்தார்கள். பிறகு மெஷினைக் கேட்டார்கள். அது மறுபடியும் அதையே சொன்னது.

"பழுதேதான்" என்றார் அண்ணாச்சி.

கழற்றும்போது இடைஞ்சலாக இருந்த இன்னொரு சென்சாரையும் எடுத்து ஓரமாக வைத்திருந்தார்கள். இப்போது மெஷினில் இரண்டு நம்பர் நின்றது.

"ஒண்ணு ரெண்டாயிட்டே. குட்டி போட்டிருக்குமோ?" என்றான் கொம்பையா.

"அடப் போலே. நாம எதைக் கழட்டுதோமோ அதைச் சரியாச் சொல்லுது பாரு. வெளிய கிடக்க சாமானுக்குக் கூட நோய் கண்டுபிடிக்குதுன்னா எம்புட்டுக் கெட்டிக்கார மெஷின்" என்றான் சவரிமுத்து.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தைச் சோதிக்க மூன்றாவது ஒன்றைக் கழற்றினார்கள். மெஷின் விடவில்லை, அதையும் சொன்னது. மத்தியானத்துக்குள் தார்ப்பாயில் ஏழு சாமான், மெஷினில் ஏழு நம்பர். கொம்பையா பஸ் பிடித்துக் கோவில்பட்டிக்குப் போய் ஏழுக்கும் புதுசு வாங்கிவந்து மாட்டினான். விளக்கு அப்படியே எரிந்தது.

புத்தகத்தைப் புரட்டினார்கள். "பழைய நம்பர்களை அழிக்கவும்" என்று இருந்தது. மெஷினிலும் 'அழி' என்று ஒரு பொத்தான் இருந்தது. சவரிமுத்து கையை நீட்டினான். அண்ணாச்சி பட்டென்று தட்டிவிட்டார்.

"விடிஞ்சா கல்யாணம். இந்த நேரத்துல அழிக்கப்படாதுலே."

கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் நல்லதில் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்து போனான். அடுத்த வரி வேறு ஆறுதலாக இருந்தது: "மாற்றியபின் விளக்கு அணையும்வரை வண்டியை நிறுத்தாமல் ஓட்டவும்."

"கரிசப்பட்டி இருபது கிலோமீட்டர். போறதுக்குள்ள அணைஞ்சிரும்" என்றார் அண்ணாச்சி.

அணையவில்லை. மறுநாள் அண்ணாச்சியே வேனை ஓட்ட, எட்டரைக்கு மண்டபம் வந்தது. வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள், மாலையோடு மாமனார். வேன் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கொம்பையா ஜன்னல் வழியாகக் கும்பிட்டான்.

ஊரைச் சுற்றி இரண்டாம் தடவை வந்தபோது, மாப்பிள்ளை ஊர்வலம் போல என்று நாதஸ்வரக்காரர் வாசிக்க ஆரம்பித்தார். மூன்றாம் தடவை மாமனார் கூடவே ஓடிவந்தார்.

"மாப்ளே, என்ன விசயம்?"

பதில் சொல்வதற்குள் வேன் முன்னால் போய்விட்டது. நாலாம் சுற்றில்தான், "மாமா, லைட்டு அணையல" என்று கொம்பையாவால் சொல்ல முடிந்தது. எந்த லைட்டு என்று அவர் கேட்டதற்கு ஐந்தாம் சுற்றில் பதில் வந்தது.

முகூர்த்தம் பத்து மணிவரைதான். மணி ஒன்பது நாற்பது. பதின்மூன்றாவது இடம் பார்க்கத் தனக்குத் தெம்பு இல்லை என்று கொம்பையாவுக்குத் தெரியும். இசக்கி இல்லாமல் இனி யாரும் வேண்டாம் என்றும் தெரியும்.

"அண்ணாச்சி, என்னை மட்டும் இறக்கி விட்டுருங்களேன்" என்று கெஞ்சினான்.

அண்ணாச்சி யோசித்தார். "மாப்பிள்ளையை இறக்கப்படாதுன்னு புத்தகத்துல இல்லதான். ஆனா நிறுத்தாம எப்படிலே இறக்கது?"

"டீசல் தீந்தா தானா நின்னுரும்" என்றான் சவரிமுத்து.

"எப்பத் தீரும்?"

"நேத்துதான டேங்கை நிரப்புனேன்."

ஏழாம் சுற்றில் வேகத்தடையில் வேன் ஊர்ந்தபோது, பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இசக்கி ஏறினாள். டாஷ்போர்டைப் பார்த்தாள். கொம்பையாவைப் பார்த்தாள். செல்போன் உறைக்குள் வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, பெரிய மெரூன் பொட்டு ஒன்றை உரித்து விளக்கின்மேல் ஒட்டினாள்.

"அணைஞ்சிட்டு. நிறுத்துங்க."

அண்ணாச்சி குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு பிரேக்கை மிதித்தார். ஒன்பது ஐம்பத்திரண்டுக்குத் தாலி ஏறியது. மூன்று முடிச்சும் சரியாக விழுந்தது.

நாலாம் நாள் ஒர்க்ஷாப் திறந்ததும் ஒரு ஸ்கூல் வேன் வந்தது. அதிலும் இன்ஜின் விளக்கு. அண்ணாச்சி இந்தத் தடவை மெஷினைத் தொடவே இல்லை. கொம்பையாவை நேரே கோவில்பட்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அனுப்பினார்.

"ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை குடுங்க. ஒரிஜினலா இருக்கட்டும்" என்றான் கொம்பையா.

கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பொட்டுக்கு இங்க எதுக்கு வந்தீரு?"

"போன வாரம் உங்ககிட்ட ஏழு சாமான் வாங்கி மாட்டுனோம், லைட்டு அணையல. பொட்டு ஒண்ணுதான் அணைச்சுது."

கடைக்காரர் வெகுநேரம் யோசித்தார். பிறகு நோட்டை எடுத்து, பேனாவைத் திறந்து, "டீசல் வண்டிக்கா, பெட்ரோல் வண்டிக்கா?" என்று கேட்டார்.

கொம்பையா திகைத்துப் போனான். இது அவனுக்குத் தோன்றவே இல்லை. ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்குப் போன் பண்ணி, விஷயத்தை முழுக்கச் சொல்லி, எது வாங்கட்டும் என்று கேட்டான்.

"டீசல்னா மெரூன்" என்றாள் இசக்கி. "பெட்ரோல்னா பச்சை. மறந்துராம எழுதி வச்சுக்கிடுங்க."

கடைக்காரரும் எழுதி வைத்துக்கொண்டார்.