பதினாறாவது நடை

பேரத்தில் செங்கோடனை ஜெயித்த ஆள் திருப்பூரில் கிடையாது. பனியன் மடிக்கும் வேலையில் ஆரம்பித்து முதலாளியானவர். கோபம் மூக்குக்கு மேல் நிற்கும்.

அவருடைய தையல் கட்டிடத்தில் ஒரு கம்ப்யூட்டர் நெட்வொர்க், சாயப்பட்டறையில் இன்னொன்று. அனுப்பும் தகவல் எந்தப் பக்கம் போகணும் என்று இரண்டும் வழி விசாரிக்கும் முறையே வேறு. நடுவில் ஒரு ஸ்விட்சை வைத்து, இதன் வழிகளை அதற்கும் அதன் வழிகளை இதற்கும் தெரியப்படுத்த வேண்டும். ரத்தினவேல், தினகரன், மாரப்பன் என்று மூன்று நெட்வொர்க்காரர்கள் வந்தார்கள்.

"மூணு நாள் ஆகுங்க. ஒருத்தன் சொன்ன வழிய அவனுக்கே திருப்பிச் சொல்லாம வடிகட்டணும், அதுக்கே ரெண்டு நாள்" என்றான் ரத்தினவேல்.

"வடிகட்ட என்ன காப்பியா போடறீங்க? ஒரே நாள். தெரிஞ்சதெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் சொல்லட்டும், ஒண்ணையும் ஒளிக்கப்படாது" என்றார் செங்கோடன்.

மூவரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டு அப்படியே செய்தார்கள்.

மறுநாள் சாயப்பட்டறைக்குப் பின்னால் குடோனில் கன்டெய்னர் லாரி வந்து நின்றது. பேக்கிங் லிஸ்ட் வந்தால்தான் சரக்கு ஏறும். நாலு மணிக்கு மேல் லாரி நிற்காது. தையலிலிருந்து கம்ப்யூட்டரில் அனுப்பிய லிஸ்ட் போய்ச் சேரவில்லை.

குடோனுக்கு வழி சாயப்பட்டறைக்குத் தெரியும். அது தையலுக்குச் சொன்னது. தையல் ஒளிக்காமல் அதையே திருப்பிச் சொன்னது. சாயப்பட்டறை தன் வழியை விட்டுவிட்டு அடுத்தவன் பேச்சை நம்பிவிட்டது. லிஸ்ட் இங்கும் அங்கும் அலைந்தது.

"முடிவில்லாம சுத்தக் கூடாதுன்னு, பதினாறு தடவை கைமாறினா செத்துரணும்னு வெச்சிருக்கோம். செத்துருச்சுங்க" என்றான் தினகரன். மூவரும் மௌன அஞ்சலி செலுத்தினார்கள்.

செங்கோடன் லிஸ்டை அச்செடுத்து மாரப்பன் கையில் திணித்து, இரண்டு கட்டிடத்திலும் நிற்கிறவர்களிடம் வழி கேட்டு ஓடச் சொன்னார். தையலில் ரத்தினவேல் திரையைப் பார்த்து, சாயப்பட்டறை வழியாகப் போகச் சொன்னான். சாயப்பட்டறையில் தினகரன் தன் திரையைப் பார்த்து, தையல் வழியாகப் போகச் சொன்னான். அவன் முதுகுக்குப் பின்னால் குடோன் கதவு திறந்தே கிடந்தது.

"அதோ தெரியுதேடா" என்றான் மாரப்பன்.

"திரையில அப்படிப் போடலையே."

மூன்றே முக்காலுக்கு செங்கோடன் வந்து பார்த்தார். குடோனுக்குப் பத்தடி தள்ளி, தாளை நெஞ்சில் வைத்துக்கொண்டு மாரப்பன் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் மற்ற இருவரும் தலைகுனிந்து நின்றார்கள்.

"பதினாறாவது நடைங்க" என்றான் ரத்தினவேல்.

"பதினேழுன்னு மாத்துங்கடா."

"மாத்த ஒரு நாள் ஆகுங்க."

செங்கோடனுக்கு ரத்தம் தலைக்கேறியது. அரை நாள் என்றார். அவர்கள் ஆறு மணி நேரத்துக்கு இறங்கினார்கள். இவர் விடவில்லை, அடித்துப் பேசி அரை மணிக்குக் கொண்டுவந்து, ஜெயித்துவிட்ட திருப்தியோடு மீசையைத் தடவினார். அப்போது லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

மாரப்பன் மெல்லத் தலையைத் தூக்கினான்.

"செத்தா அனுப்பினவருக்குத் தகவல் சொல்லணும்னு விதிங்க. லிஸ்ட் போய்ச் சேரலைங்க."

சொல்லிவிட்டு மறுபடியும் செத்துப்போனான்.