மங்கையின் பந்தி

மலையடிவார மடத்துக் கூண்டில் மங்கை என்றொரு கிழட்டுக் குரங்கு இருந்தது. வித்தைக்காரர்களிடமிருந்து மீட்டுக் கொண்டுவந்த குரங்கு. கயிற்றிலேயே வளர்ந்ததால் காட்டில் பிழைக்கத் தெரியாது.

அதைப் பார்த்துக்கொண்டவர் வேலப்பன். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான மடத்துத் தலைவி பூரணி அம்மையிடம் சீடராக வந்து சேர்ந்தவர். பக்தியில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மங்கைக்குக் குடலில் புழு. மூன்று முறை மருந்து கொடுத்தாயிற்று. ஒவ்வொரு முறையும் தேறும். ஒரே மாதத்தில் மறுபடி வயிறு உப்பி, எலும்பு தெரிய மூலையில் சுருண்டுவிடும்.

நான்காவது முறை மருந்து கொடுத்த கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார்: "கழிவோட விழுற புழு முட்டைதான் தீனியோட திரும்ப உள்ள போகுது. கண்ணுக்குத் தெரியாது. சுத்தமா வச்சுக்குங்க. இன்னொரு தடவை வந்தா தாங்காது."

அன்று முதல் வேலப்பன் காலையில் ஒன்றுக்கு இரண்டு முறை குளித்தார். ஈர வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக, சர்க்கரைப் பொங்கலை உருட்டி உருட்டி வழக்கம்போலக் கூண்டுத் தரையில் வைத்துக் கும்பிட்டார். ஆனாலும் மனசு அடித்துக்கொண்டது.

"ரெண்டு தடவை குளிக்கிறேம்மா. இன்னும் எப்படித்தான் சுத்தமா இருக்கிறது? மறுபடி வந்தா மங்கை போயிடுமே!" அம்மையிடம் சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

"பசிக்குது. சோறு போடுங்க" என்றார் அம்மை.

வேலப்பன் தலைவாழை இலை போட்டு, தண்ணீர் தெளித்து, நன்றாகத் துடைத்தார். சாத வாளியோடு திரும்பினால் அம்மையையும் காணோம், இலையையும் காணோம்.

அம்மை கூண்டுக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். இலை மங்கையின் முன்னால் கிடந்தது.

"எனக்கு இங்க போடுங்க" என்று தரையைத் தட்டினார்.

"ஐயோ, அங்க பீ கிடக்கும்மா!"

"எங்க?"

"நீங்க கை வச்ச இடத்துலதான்!"

அம்மை கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இவ தினமும் இங்கதான சாப்பிடுறா?"

"அது அனுமார் அம்சம்மா. சாமி."

"சாமியே தரையில சாப்பிடுது. மனுஷி எனக்கு எதுக்கு இலை? போடுங்க, சோறு ஆறுது."

வேலப்பன் வாளியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு வாளியை வெளியே வைத்துவிட்டு, துடைப்பத்தைத் தேடி வேகமாக நடந்தார்.

"வேலப்பரே!" என்று அம்மை பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "வரும்போது ரெண்டு இலையா அறுத்துட்டு வாங்க. இதை இவ தின்னுட்டா."