மேற்குச் சுவரில் ஒரு மீசைச் சாமி

மலையடிவாரத்தில் இருந்த அந்த இடத்தை மடம் என்று சொன்னால் மற்ற மடங்கள் கோபித்துக்கொள்ளும். இரண்டு அறை, ஒரு அடுப்படி, வெள்ளிக்கிழமை சனங்கள் உட்கார முன்னால் ஒரு கொட்டகை. அவ்வளவுதான். சுவரெல்லாம் மண். செங்கோட்டைப் பக்கம் ஆனி பிறந்தால் மேற்கேயிருந்து சாரல் அடிக்கும், அடித்தால் மண்சுவர் கரையும். அதனால் மேற்குச் சுவருக்கு மட்டும் வெளிப்பக்கம் முழுக்கப் பலகை அடித்திருந்தார்கள், சுவருக்கு மழைச்சட்டை போட்ட மாதிரி.

குரு கோமதியம்மா. ஐம்பது வயது இன்னும் ஆகவில்லை. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். அதனாலோ என்னவோ, பேச்சு எப்போதும் விடை மாதிரிதான் வரும், விளக்கம் வராது.

சீடர் குற்றாலிங்கம் அவரைவிட மூத்தவர். தென்காசியில் படங்களுக்குச் சட்டமும் கண்ணாடியும் போடும் கடை வைத்திருந்தார். மனைவி தவறிப்போன பிறகு சோறு இறங்கவில்லை. யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு வெள்ளிக்கிழமை இங்கே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அம்மா அன்று என்ன பேசினார் என்பது அவருக்கு ஞாபகமில்லை. ஆனால் திரும்பிப் போகும்போது பசித்தது. ஒரு குருவிடம் அதற்கு மேல் என்ன கேட்க? கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்துவிட்டார்.

வரும்போது ஒரு லோடு ஆட்டோ நிறையப் படங்களும் வந்தன. சட்டம் போடக் கொடுத்துவிட்டு யாரும் வாங்க வராமல் போனவை. மகன் தலையில் கட்டவும் மனமில்லை, தூக்கிப் போடவும் மனமில்லை.

“இதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி?” என்று கேட்டார் அம்மா. சீடராக இருந்தாலும் மூத்தவர் அண்ணாச்சிதான்.

“உதவும் அம்மா.”

சித்திரை மாதம் ஒரு காலையில் அம்மா தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கட்டில் மேற்குச் சுவரை ஒட்டிக் கிடந்தது. குற்றாலிங்கம் வாசலில் நின்றார்.

“அண்ணாச்சி, மேக்குப் பலகை எப்படி இருக்குன்னு பாருங்க. மாத்தணும்னா இப்பமே மாத்திரணும். ஆனியில சாரல் வந்துரும்.”

“அதெல்லாம் பாத்துட்டேன் அம்மா. இன்னும் பத்து வருசம் தாங்கும்.”

பார்க்கவில்லை. கடைக்காரர் வாய், தானாக வந்துவிட்டது. கடையில் யார் என்ன கேட்டாலும் அவர் அப்படித்தான் சொல்வார், பத்து வருஷம் கழித்து எவனும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டதில்லை. ஆனாலும் மனசு உறுத்தியது. மெதுவாகச் சுவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார்.

இடுப்பு உயரத்தில் ஒரு பலகை உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. பக்கத்தில் சின்னச் சின்னதாகக் காளான்கள் குடை பிடித்து நின்றன. விரலால் தொட்டார். பலகை அமுங்கியது.

அப்போதே திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். இருபது எட்டு எடுத்து வைக்கிற தூரம் இருக்குமா? ஆனால் பத்து வருஷம் என்று சொன்ன வாய் இன்னும் சூடு ஆறவில்லை. அம்மா முன்னால் போய் நிற்க அவருக்கு வெட்கமாக இருந்தது. நேராகப் படக்கட்டுகளிடம் போனார். கறுத்த இடத்துக்குச் சரியான அளவில் ஒரு பிள்ளையார் இருந்தார்.

“எங்க அண்ணாச்சி, சுத்தியலும் கையுமா?”

“மேக்குச் சுவத்துல ஒரு பிள்ளையார மாட்டிட்டு வாரேன் அம்மா. ரெண்டு ஆணி அடிக்கணும்.”

“அடிங்க.”

ஆணியைப் பலகையில் வைத்து சுத்தியலை ஓங்கினார். அதற்குள் ஆணி போய்விட்டது. கட்டைவிரல் அழுத்தத்துக்கே பழத்தில் இறங்குகிற மாதிரி இறங்கிவிட்டது. பிடுங்கி ஒரு சாண் மேலே வைத்தார். அங்கேயும் அதே கதை. ‘பதமான பலகை’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பிள்ளையாரை மாட்டினார். விழுந்து கும்பிட்டார். அன்றைக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மழை தள்ளிப்போக வேண்டும்.

வைகாசியில் பெயிண்ட் உரிந்த இடத்தில் முருகன் ஏறினார். இரண்டு பலகைக்கு நடுவே இடைவெளி விட்டது. அகலமாக இருந்ததால் யானையோடு லட்சுமி. கரையான் நெட்டுக்குத்தாக மண்புற்று இழுத்திருந்ததை மலை தூக்கிய ஆஞ்சநேயர் கச்சிதமாக மறைத்தார். எந்த ஓட்டைக்கு எந்தப் படம் என்று பார்த்தவுடன் சொல்கிற கண் குற்றாலிங்கத்துக்கு. தொழில் கைவிடவில்லை.

சாமிகள் தீர்ந்துவிட்டார்கள். ஓட்டைகள் தீரவில்லை. அடுத்து ஒரு கல்யாண ஜோடி மாட்டப்பட்டது. கடைசியில் தலையணை உயரத்தில், உள்ளே அம்மாவின் கட்டில் இருக்கும் இடத்துக்கு நேர் வெளியே, பலகை முறம் அகலத்துக்குப் பொக்கையாகிவிட்டது. அந்த அளவுக்கு ஒரே ஒரு படம்தான் மிச்சம் இருந்தது. பெரிய மீசை வைத்த ஒரு ஆள், சட்டையில்லாமல் துண்டு போர்த்தி, நாற்காலியில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரென்று குற்றாலிங்கத்துக்கே தெரியாது. ஆணி நிற்கவில்லை. கம்பியைப் பலகை இடுக்கில் விட்டு, படத்தையும் பலகையையும் சேர்த்து முறுக்கிக் கட்டினார்.

வெள்ளிக்கிழமை வந்த சனங்கள் மேற்குச் சுவரைக் கண்டுபிடித்தார்கள்.

“இவுக யாரு அண்ணாச்சி, இந்த மீசைக்காரவுக?”

குற்றாலிங்கம் பொய் சொல்லவில்லை. “பெரியவுக” என்றார்.

அது போதுமாக இருந்தது. அடுத்த வாரம் மாலை விழுந்தது. அதற்கடுத்த வாரம் கற்பூரம். மீசைச் சாமியை வேண்டிக்கொண்ட ஒரு பெண்ணின் மகனுக்கு வரன் அமைந்துவிட்டது. பிறகு கேட்க வேண்டுமா? கொட்டகையில் அம்மா பேச ஆரம்பித்தால் பாதிப் பேர் மேற்கே எழுந்து போனார்கள். மிச்சப் பேர் செருப்பைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்திருந்தவர்கள்.

அம்மா பேச்சை நிறுத்தவில்லை. நடுநடுவே இருமினார். ஆனி பிறந்து சாரல் தொடங்கியிருந்தது.

ஒரு நாள் அறையைப் பெருக்கப் போன குற்றாலிங்கம் திகைத்து நின்றார். கட்டில் சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. சுவரில் தலையணை இருந்த இடத்தில் ஈரம் படம் விரித்திருந்தது. இந்த அம்மாவுக்கு ஒன்று என்றால் தனக்கு மறுபடி சோறு இறங்காது என்று அவருக்குத் தெரியும். சொல்லிவிட வேண்டியதுதான் என்று போய் எதிரே உட்கார்ந்தார். வாய் மட்டும் வேறு வழியில் போனது.

“அம்மா, ஒரு சந்தேகம். ஒரு பொருளை மாத்த வேண்டிய காலம் வந்துருச்சுன்னு மனுசன் எப்படி அறியது?”

“எந்தப் பொருள்?”

“பொதுவாக் கேக்கேன்.”

“பொதுவா மாத்த வேண்டாம்” என்றார் அம்மா.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை மேற்குச் சுவரில் நல்ல கூட்டம். மகனுக்கு வரன் அமைந்த அந்தப் பெண் கற்பூரத் தட்டோடு முதலில் நின்றாள். புதிதாக வந்த இளைஞன் ஒருவன் கையில் ஹெல்மெட்டோடு எட்டிப் பார்த்தான். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தவன் மீசைச் சாமியிடம் நின்றுவிட்டான்.

“இது எங்க மாமா படம்லா.”

“எந்த மாமா?” என்றாள் அந்தப் பெண்.

“எங்க அம்மா கூடப்பொறந்தவரு. கடையநல்லூர்ல ரைஸ்மில் வச்சிருக்காரு.”

“சமாதியாகி எத்தனை வருசம் ஆச்சு?”

“சமாதியா? காலையிலகூட சட்னியில உப்பில்லன்னு அத்தையோட சண்டை போட்டுக்கிட்டுல்லா இருந்தாரு.”

“அப்பேர்ப்பட்டவுக கோவமும் அருள்தான்” என்று அவள் கற்பூரத்தை ஏற்றினாள்.

இளைஞனுக்கு முகம் மாறியது. “உசுரோட இருக்க மனுசனுக்கு மாலை போட்டு வச்சிருக்கிய. அத்தை பாத்தா என்ன ஆகும்? மீசை சின்னதா விழுந்திருக்குன்னுதான் மாமா இந்தப் படத்தை வாங்க வரமாட்டேன்னுட்டாரு. எந்தக் கடையிலயோ கிடக்குன்னு நினைச்சோம்.”

அவன் படத்தில் கை வைத்தான். குற்றாலிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“தம்பி, அதத் தொடாதிய.”

“ஏன்?”

அத்தனை பேர் முன்னால் என்ன சொல்வது? “இருக்கட்டும். நானே எடுத்துத் தாரேன். நாளைக்கு வாங்க.”

“எங்க மாமாவை எடுக்க நாளைக்கு எதுக்கு?”

இழுத்தான். வரவில்லை. காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தான். வந்தது. படம் வந்தது, கம்பி வந்தது, கம்பியோடு பலகை வந்தது. அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பலகைகளும் வந்தன. பிள்ளையாரும் லட்சுமியும் கல்யாண ஜோடியும் புல்லில் மல்லாந்தார்கள். பின்னால் ஊறிப்போய் நின்ற மண்சுவர் சற்று யோசித்தது. பிறகு ஒரு பெரிய கட்டியாக உள்பக்கம் விழுந்தது.

சன்னல் இல்லாத அறைக்குச் சன்னல் கிடைத்துவிட்டது. அந்தச் சன்னலில் கோமதியம்மா கட்டிலில் உட்கார்ந்து, கையில் காப்பித் தம்ளரோடு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மீசைச் சாமி இருந்த இடத்தில் அம்மாவின் முகத்தைக் கண்ட அந்தப் பெண் கொஞ்சம் தடுமாறினாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தட்டைச் சுற்ற ஆரம்பித்தாள்.

“கொஞ்சம் தள்ளிப் பிடிங்கம்மா, காப்பியில விழுந்துரும்” என்றார் அம்மா. “எல்லாரும் சுத்தி உள்ள வாங்க. வாசல் அந்தப் பக்கந்தான் இருக்கு.”

குற்றாலிங்கம்தான் முதலில் உள்ளே ஓடினார். மண்கட்டி தரையில் கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கட்டில் பழைய இடத்திலேயே இருந்திருந்தால் அது தலையணை மேல் விழுந்திருக்கும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இளைஞன் மாமாவைப் பைக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு போனான். கூட்டமும் பேசிக்கொண்டே கலைந்தது. மாமா எந்த ரைஸ்மில் என்று இரண்டு பேர் விலாசம் கேட்டு வைத்துக்கொண்டார்கள். மூங்கில் தட்டியை ஓட்டையில் சாத்தி வைத்துவிட்டு, குற்றாலிங்கம் மறுபடி வந்து அம்மாவின் எதிரே உட்கார்ந்தார். வெளியே சாரல் விழத் தொடங்கியது.

“அம்மா, பத்து வருசம்னு சொன்னேன்.”

“சொன்னிய.”

“பாக்காமயே சொன்னேன். அப்புறம் பாத்தேன். பாத்துட்டும் சொல்லல.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்கு ஆசாரியைக் கூட்டிட்டு வந்து எல்லாப் பலகையையும் மாத்திருதேன்.”

“மாத்துங்க.”

“உங்களுக்கு முன்னாலயே தெரியும். கட்டில நகத்திட்டிய.”

“ஆமா. கட்டில நான் நகத்தினேன். மிச்சத்த நீங்க செய்வியன்னு இருந்தேன்.”

இந்தத் தடவை அவர் நேராகவே கேட்டார்.

“பலகை போயிருச்சுன்னு எப்ப அம்மா தெரிஞ்சுது? ஈரம் உள்ள வந்தபோதா?”

“அதுக்கு முன்னாலயே. நீங்க பிள்ளையார மாட்டினியல்லா, அன்னைக்கு.”

“அன்னைக்கு உள்ளங்கை அகலந்தான் அம்மா கறுத்திருந்தது. அதுவும் வெளிய. நீங்க உள்ளல்லா இருந்திய?”

கோமதியம்மா தம்ளரில் மிச்சமிருந்த காப்பியைக் குடித்து முடித்தார்.

“ரெண்டு ஆணி அடிக்கப் போறேன்னு சுத்தியலைத் தூக்கிட்டுப் போனிய. சுவத்துக்கு இந்தப் பக்கம் நானும் காதைக் குடுத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்” என்றார். “சத்தமே வரலையே அண்ணாச்சி.”