பாட்டு வராத செண்பகம்

“சாமி, என் வீட்டுக்காரி நான் சொல்லுதத கேக்கவே மாட்டேங்கா.”

கோவில்பட்டிக்கு மேற்கே, குன்றடியில் இருந்த குடிலுக்கு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்த சங்கரவேலு, உட்காரும் முன்பே இதைச் சொல்லிவிட்டார்.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். சாமிக்கோ நாற்பதுகூட ஆகவில்லை. சீடர் குருவைச் ‘சாமி’ என்பார், குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார். அதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

“எதக் கேக்க மாட்டேங்காக?”

“அவளுக்கு இருதயம் நூத்துக்கு முப்பதுதான் வேலை செய்யுதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாக. மூச்ச வீணாக்காதீக, பேச்சக்கூட குறைங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. இவ என்னடான்னா நாள் முழுக்க என்னத்தையோ பாட்டுன்னு முனங்கிக்கிட்டே இருக்கா.”

“நல்லாப் பாடுவாகளா?”

“நீங்க வேற சாமி. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு வரி பாடினவ இல்ல. கழுதைக்குக்கூட அவளவிட ராகம் வரும். இப்ப அடுப்படியில முனங்குதா, துணி மடிக்கும்போது முனங்குதா. நிறுத்துடின்னா சிரிக்கா.”

“நீங்க என்ன செய்யுதீக?”

“என்ன செய்யல? உப்ப அளந்து போடுதேன், தண்ணிய அளந்து குடுக்கேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா போயி நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாக்கேன். மத்தியானம் கண்ணசந்தா மூக்குக்கிட்ட விரல வச்சுப் பாக்கேன். இன்னைக்குக்கூட கொழுந்தியாளத் துணைக்கு வச்சுட்டுத்தான் வந்திருக்கேன்.”

சாமி தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

“அவ போயிட்டா நான் என்ன ஆவேன் சாமி? பயமா இருக்கு.”

மலைப்பாதையில் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிய மனுஷன். இப்போது துண்டின் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

குடிலில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கொண்டுவந்தவர் மதியக் கஞ்சி வரை ஒரு வேலை செய்தாக வேண்டும். சாமி ஒரு சாக்கு நிலக்கடலையைக் காட்டினார்.

“உடைங்க அண்ணாச்சி. விதைக்கு வேணும். பருப்பு ரெண்டாப் பிளந்துரக் கூடாது.”

குடிலுக்குப் பின்னால் வேப்ப நிழலில் சங்கரவேலு உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்தார். பத்துக் கடலை உடைத்திருப்பார். சாமி வந்தார். எதிரே குத்தவைத்து, அவர் நெஞ்சையே உற்றுப் பார்த்தார். மூக்கின் கீழ் இரண்டு விரலை நீட்டினார். தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார்.

சங்கரவேலுவுக்குச் சிரிப்பு வந்தது.

கொஞ்ச நேரத்தில் சாமி மறுபடி வந்தார். அதே பார்வை, அதே விரல்.

நாலாவது தடவை வந்தபோது சங்கரவேலுவின் கையில் ஒரு பருப்பு பிளந்தது.

“என்ன சாமி பாக்கீக?”

“இருக்கீகளான்னு பாத்தேன்.”

ஆறாவது தடவைக்குப் பிறகு அவரால் சாதாரணமாக மூச்சுவிட முடியவில்லை. இழுத்தது போதுமா, விட்டது சரியா என்று ஒவ்வொரு மூச்சுக்கும் யோசனை வந்தது. பிளந்த பருப்பு ஒரு கை அளவு சேர்ந்துவிட்டது.

மறுபடி காலடிச் சத்தம் கேட்டது.

சங்கரவேலு சட்டென்று தொண்டையைச் செருமி, வாய்க்கு வந்த ஒரு மெட்டை முனங்கினார். காலடி நின்றது. திரும்பிப் போனது.

அப்பாடா என்று இருந்தது. முனங்கலை நிறுத்தினார். காலடி கிளம்பியது. முனங்கினார். நின்றது.

சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. அதன் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. வெயில் உச்சிக்கு ஏறியது. தொண்டை வறண்டது. மூச்சு இரைத்தது. இனி ஆகாது என்று ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார்.

சாமி வந்து நின்றார்.

“ஏன் அண்ணாச்சி நிப்பாட்டிட்டீக?”

“மூச்சு வாங்குது சாமி. எனக்குப் பாடவா வரும்? நீங்க பாவம் ஒவ்வொரு தடவையும் பதறி எந்திரிச்சு ஓடி வரக் கூடாதேன்னுதான்...”

சங்கரவேலு வாக்கியத்தை முடிக்கவில்லை. விரலிடுக்கில் இருந்த கடலை கீழே விழுந்தது.

சாமி அவர் முன்னால் கிடந்த தொலியை அள்ளிக்கொண்டு போனார்.

சங்கரவேலு கஞ்சிக்கு நிற்கவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்தபோது உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. கொழுந்தியாள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். முனங்கல் கேட்கவில்லை. ஓடத் துடித்த காலை அடக்கிக்கொண்டு, கேட்டின் கொக்கியை மெல்லத் தூக்கினார். கொக்கி கிளிங்கென்றது.

அடுப்படியில் பாட்டு ஆரம்பித்தது.

ராகமும் இல்லை, தாளமும் இல்லை. நடுவில் ஒரு தடவை மூச்சுக்காக நின்று, அவசர அவசரமாகத் தொடர்ந்தது. சங்கரவேலு கேட்டைப் பிடித்தபடியே நின்றார். கண் நிறைந்துவிட்டது. இருக்கிறதே முப்பது. அதிலும் எனக்கென்று ஒரு பங்கு எடுத்து வைத்திருக்கிறாளே, இவளுக்கா நெஞ்சில் பலமில்லை என்றார்கள்?

கூடத்துக்கு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“செண்பகம், பாட்ட நிப்பாட்டு.”

“நிப்பாட்டுனா நீங்க பயந்துருவீகளே.”

“பயந்துக்கிடுதேன்.”

அடுப்படியில் பாட்டு நின்றது. வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை.

சங்கரவேலு எழுந்து போய்ப் பார்க்கவில்லை.